மலைச் சைக்கிள் திருவிழாவுக்கு அணியாகப் போகிறீர்களா? ஓட்டாத ஒரு ஆளை முதலில் தேடுங்கள்

முதல் தடவை நாங்கள் ஐந்து பேர் அணியாகப் போனோம். வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள் திருவிழா. எல்லோருக்குமாகச் சேர்த்து ஒன்பது பந்தய இடங்களுக்குப் பணம் கட்டியிருந்தோம். புறப்பாட்டுக் கோட்டில் போய் நின்றது ஆறுக்குத்தான். தவறிய மூன்றில் ஒன்றுகூடக் கீழே விழுந்ததால் போகவில்லை. ஒன்று மருத்துவச் சான்றில் ஒரு சொல் இல்லாததால் போனது. ஒன்று இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் வந்ததால் போனது. இன்னொன்று, விரல் நீளம் இருக்கும் ஒரு அலுமினியத் துண்டு எங்களிடம் இல்லாததால் போனது.

அணியின் வேலைகளைக் கவனித்தவன் நான்தான். ஓட்டியவனும் நான்தான். அதுதான் தப்பு. அடுத்த வருடம் அதே அணி, அதே திருவிழா. ஓட்டாமல் வேலை மட்டும் பார்க்க ஒருவர் கூட வந்தார். கட்டிய பந்தயங்கள் எல்லாவற்றிலும் ஓட்டினோம். அந்த இரண்டு வருட அனுபவத்தை வரிசையாக எழுதுகிறேன். தனியாக ஒரு பந்தயத்துக்குப் போகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது. மூன்று பேருக்கு மேல் சேர்ந்து போகிறீர்கள் என்றால் முழுக்கப் படியுங்கள்.

1. ஓட்டாத ஆளைப் பிடிப்பது (நான்கு மாதங்களுக்கு முன்)

சைக்கிளைப் பற்றி எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கடிகாரத்தைப் பார்க்கத் தெரிந்தவர், வரிசையில் பொறுமையாக நிற்பவர், விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிப்பவர் போதும். டயர் மாற்றத் தெரிந்தால் கூடுதல் லாபம்.

இவருடைய பயணம், தங்குமிடம் எல்லாமே அணிக் கணக்கில் வர வேண்டும். "கூட வாயேன், ஜாலியாக இருக்கும்" என்று அழைத்துவிட்டு அறை வாடகையில் பங்கு கேட்காதீர்கள். மூன்று நாளும் அவர் உட்காரப் போவதில்லை.

யாரும் கிடைக்கவில்லையா? அணியிலேயே ஒருவர் ஒரு நாள் ஓட்டாமல் இருக்கட்டும், மறுநாள் இன்னொருவர். இரண்டாம்தரத் தீர்வுதான். ஆனால் ஓட்டிக்கொண்டே வேலையும் பார்க்கிறேன் என்று நான் செய்ததைவிட மேல்.

2. எந்தப் பந்தயம் என்று முடிவு செய்வது

திருவிழா என்றால் ஒரே இடத்தில் பல வகைப் பந்தயம். கலிஃபோர்னியாவில் ஏப்ரலில் நடக்கும் சீ ஆட்டர் கிளாசிக், பிரான்சில் அக்டோபரில் நடக்கும் ரோக் தசூர், கனடாவின் விஸ்லர் மலையில் கோடையில் நடக்கும் கிராங்க்வொர்க்ஸ் எல்லாம் அப்படித்தான். பந்தயப் பட்டியலைப் பார்த்ததும் எல்லாவற்றிலும் பெயர் கொடுக்கத் தோன்றும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கிராஸ் கன்ட்ரி என்பது ஏற்றமும் இறக்கமும் கலந்த சுற்றுப்பாதையில், எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் ஓட்டம். சர்வதேசத் தரத்தில் 80 முதல் 100 நிமிடம் வரை போகும். பொழுதுபோக்காக ஓட்டுபவர்களின் பிரிவில் அதைவிடக் குறைவு. ஷார்ட் டிராக் அதன் சுருக்கம், 20 நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும், ஆனால் அந்த 20 நிமிடமும் மூச்சு விட நேரம் இருக்காது. மாரத்தான் சர்வதேச விதிப்படி 60 முதல் 160 கிலோமீட்டர். டவுன்ஹில்லில் ஒவ்வொருவராக மேலிருந்து கீழே. 2 முதல் 5 நிமிடத்தில் முடியும் ஓட்டத்துக்கு மூன்று நாளும் அங்கேயே கிடக்க வேண்டியிருக்கும். எண்டியூரோவில் இறக்கங்களுக்கு மட்டும்தான் நேரம் எடுப்பார்கள். நடுவில் உள்ள ஏற்றத்துக்கு நேரக் கணக்கு இல்லை என்று நினைத்து ஆற அமரப் போகாதீர்கள். அடுத்த இறக்கம் தொடங்கும் இடத்தில் குறித்த நேரத்துக்கு நிற்காவிட்டால் தண்டனை நேரம் சேரும்.

இதில் சைக்கிள் கணக்கும் இருக்கிறது. குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் கிராஸ் கன்ட்ரி சைக்கிளில் 100 முதல் 120 மில்லிமீட்டர். எண்டியூரோ சைக்கிளில் 150 முதல் 170. டவுன்ஹில்லில் 200 வரை. ஒரே சைக்கிளை வைத்துக்கொண்டு கிராஸ் கன்ட்ரிக்கும் டவுன்ஹில்லுக்கும் பெயர் கொடுப்பவர் ஒன்றில் இழுத்துக்கொண்டு ஏறுவார், மற்றதில் பயந்துகொண்டு இறங்குவார்.

எங்கள் விதி இப்போது இதுதான்: ஆளுக்கு ஒரு முக்கியப் பந்தயம், வேண்டுமானால் ஒரு துணைப் பந்தயம். அணியாக ஒரு ரிலே, அதாவது குறித்த நேரம் முடியும் வரை ஆள் மாற்றி ஆள் சுற்றும் ஓட்டம். அவ்வளவுதான்.

வயதுப் பிரிவில் ஒரு பொறி இருக்கிறது. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூ.சி.ஐ.யின் விதிப்படி, பந்தயத்தன்று உங்கள் வயது என்ன என்பது கணக்கில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயது என்பதே கணக்கு. 17, 18 வயது ஜூனியர். 19 முதல் 22 வரை 23 வயதுக்குட்பட்டோர். டிசம்பரில் பிறந்தவர் ஏப்ரலில் தன்னை 16 என்று நினைத்துக்கொண்டிருப்பார். பந்தயக் கணக்கில் அவர் ஜூனியர். தப்பான பிரிவில் பதிந்தால் மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு.

3. எல்லோருடைய நேரத்தையும் ஒரே தாளில் போடுவது

எங்களுக்கு இரண்டாவது பந்தயம் தவறியது இங்கேதான். ஒருவர் ஷார்ட் டிராக்குக்கும் டவுன்ஹில்லுக்கும் பெயர் கொடுத்திருந்தார். பதிவு செய்தபோது இரண்டும் வெவ்வேறு நாள். பத்து நாள் முன்பு இறுதி அட்டவணை வந்தது. டவுன்ஹில்லில் புறப்படும் வரிசையை முடிவு செய்யும் ஓட்டம் ஷார்ட் டிராக் நேரத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. நான் முதல் அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். தகவலே சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

பதிவின்போது வெளியாகும் அட்டவணை தற்காலிகமானது. இறுதி அட்டவணை வந்ததும் பழையதைக் கிழித்துப் போடுங்கள். புதியதை வைத்து ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள்: மேலே மணி, பக்கத்தில் ஆட்களின் பெயர். பந்தய நேரத்தை மட்டும் குறித்தால் போதாது. ஒவ்வொருவருக்கும் இவையும் வர வேண்டும்:

எண் அட்டை வாங்கும் மேசை எப்போது மூடுகிறது. பயிற்சி ஓட்டத்துக்குப் பாதை எப்போது திறந்திருக்கிறது. சைக்கிள் பரிசோதனை எப்போது. புறப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்பு பெயர் கூப்பிடுகிறார்கள். பரிசளிப்பு எப்போது, மேடைக்கு வராதவருக்குப் பரிசு இல்லை என்று பல இடங்களில் விதியே உண்டு.

டவுன்ஹில்லுக்குப் பயிற்சி நேரம் இன்னும் முக்கியம். யூ.சி.ஐ. விதியில் குறைந்தது இரண்டு பயிற்சி ஓட்டம் கட்டாயம். மேலே ஏற்றிவிடும் லிஃப்ட்டிலோ வண்டியிலோ கூட்டம் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் இரண்டு தடவை இறங்குவதே பெரிய விஷயம்.

அப்புறம், ஒரு பந்தயம் முடியும் நேரம் என்பது உங்கள் ஆள் விடுபடும் நேரம் இல்லை. மூச்சு வாங்க, சைக்கிள் கழுவ, சாப்பிட, அடுத்த இடத்துக்கு நடக்க என்று ஒன்றரை மணி நேரம் சேர்த்துப் போடுங்கள்.

4. காகிதங்கள் (மூன்று மாதங்களுக்கு முன் தொடங்குங்கள்)

இந்தப் பகுதியில் நிதானமாகப் போகிறேன். சைக்கிளில் வரும் கோளாறைப் பணம் கொடுத்துச் சரி செய்யலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு டாக்டரின் கையெழுத்தை எங்கே போய் வாங்குவது?

முதலில் உரிமம். போட்டி உரிமம் கட்டாயமா, ஒரு நாள் உரிமம் அங்கேயே கிடைக்குமா என்று பாருங்கள். பல நாடுகளில் பொழுதுபோக்குப் பிரிவுகளுக்கு ஒரு நாள் உரிமம் போதும். யூ.சி.ஐ. புள்ளிகள் உள்ள பிரிவுக்கு உங்கள் தேசியச் சம்மேளனம் தரும் உரிமம் வேண்டும். அது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைதான் செல்லும். நவம்பரில் எடுத்த உரிமத்தை மார்ச்சில் நீட்டினால் சிரிப்பார்கள்.

அடுத்தது மருத்துவச் சான்று. எங்கள் நண்பர் கொண்டுவந்த சான்றில் அவர் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார் என்று அழகாக எழுதியிருந்தது. முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் சரி. மேசையில் இருந்தவர் மூன்று தடவை படித்துவிட்டு, போட்டி என்ற சொல் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லை. அந்தப் பந்தய விதி கேட்டது, சைக்கிள் போட்டியில் பங்கேற்கத் தடை இல்லை என்று சொல்லும் சான்று. கெஞ்சிப் பார்த்தோம், நடக்கவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. நீங்கள் செய்ய வேண்டியது: திருவிழாவின் பக்கத்தில் மாதிரிப் படிவம் இருந்தால் அதையே அச்செடுத்து டாக்டரிடம் கொண்டுபோங்கள். இல்லையென்றால் விதியில் உள்ள வாசகத்தை அப்படியே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். சான்று எத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். எல்லா இடத்திலும் சான்று கேட்பதில்லை. கேட்காத இடமாக இருந்தால் நல்லது, தாண்டிப் போங்கள்.

மூன்றாவது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டை எடுத்துவிட்டுத் தைரியமாக இருப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பத்திரத்தில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைப் படியுங்கள். பந்தயம், நேரம் கணக்கிடும் போட்டி, அதற்கான பயிற்சி ஆகியவை அதில் இருக்க வாய்ப்பு அதிகம். போட்டி உரிமத்தோடு வரும் காப்பீடும் பெரும்பாலும் நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்குத்தான். உங்கள் எலும்புக்கு அது உதவுமா என்று தனியாகக் கேளுங்கள். மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவு உள்ளடங்குகிறதா என்பதையும் கேளுங்கள்.

18 வயது ஆகாதவர் அணியில் இருந்தால் பெற்றோரின் சம்மதப் படிவம். பெற்றோர் வரவில்லையென்றால், அங்கே பொறுப்பேற்கும் பெரியவர் யார் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினால் ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், அசல் வேண்டும்.

பெயர் விஷயமும் சின்னதில்லை. உரிமத்தில் முன்னெழுத்து விரித்து எழுதியிருக்கும், பாஸ்போர்ட்டில் பின்னால் இருக்கும், பதிவுப் படிவத்தில் விட்டுப்போயிருக்கும். மேசையில் இருப்பவர் உங்களை மூன்று ஆட்களாகப் பார்ப்பார். பதிவு செய்யும்போதே உரிமத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடியுங்கள்.

எல்லாக் காகிதத்தையும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓட்டாத ஆளிடம் ஒப்படைத்துவிடுங்கள். கூடவே ஒரு அட்டை: ரத்த வகை, ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்து, வீட்டில் யாரைக் கூப்பிடுவது. இதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் நினைவூட்டாவிட்டால் ஒருவரும் எழுதித் தரமாட்டார்கள்.

5. செலவைக் கணக்குப் போடுவது

புதிதாகப் போகிறவர்கள் நுழைவுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, சரி, கட்டுப்படியாகும் என்று முடிவு செய்வார்கள். எங்கள் முதல் வருடக் கணக்கில் நுழைவுக் கட்டணம் மொத்தத்தில் கால்வாசிகூட இல்லை. மீதி எல்லாம் பயணம், தங்குமிடம், சாப்பாடு, உதிரிப் பொருள். அப்புறம், முதலில் யாருமே நினைத்துப் பார்க்காத சில்லறைச் செலவுகள்: ஒரு நாள் உரிமம், லிஃப்ட் சீட்டு, வாகனம் நிறுத்தக் கட்டணம், நேரக்கணக்குச் சிப்புக்கு முன்பணம், விமானத்தில் சைக்கிள் பெட்டிக்குத் தனிக் கட்டணம். டவுன்ஹில் நுழைவுக் கட்டணத்தில் லிஃப்ட் சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டுமாவது பதிவுக்கு முன் பாருங்கள்.

கட்டணத்தில் மூன்று தேதிகள் முக்கியம். குறைந்த கட்டணம் முடியும் நாள், பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள், உங்கள் இடத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றும் கடைசி நாள். பெரும்பாலும் இந்த மூன்றும் வேறு வேறாக இருக்கும். மாற்றும் வசதி இருக்கிறது என்று நம்பி பெயரை மாற்றாமலே இடத்தை நண்பருக்குக் கொடுத்து ஓட்டச் சொல்லாதீர்கள். எண் உங்கள் பெயரில், உடம்பு அவருடையது; விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் இரண்டு பேரையும் கைகழுவுவார்.

பணத்தை முன்கூட்டியே வசூலியுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லையென்றால் அறை வாடகையில் அவர் பங்கு திரும்பாது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். நட்பு கெடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கை உடைசலுக்கு என்று ஒதுக்குங்கள். திருவிழாக் கடைகளில் உங்கள் மாடல் உதிரி கிடைக்கலாம், ஆனால் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

தங்குமிடத்தைப் பதிவு திறந்த அன்றே பிடியுங்கள். திடலிலிருந்து சைக்கிளிலேயே போய்வரும் தூரத்தில் இருந்தால் மூன்று நாளில் பல மணி நேரம் மிச்சம். கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்: இரவு சைக்கிளை உள்ளே வைக்கலாமா, குழாயடி உண்டா. திருவிழாக்களில் சைக்கிள் திருட்டு சாதாரணமாக நடக்கும் விஷயம். காரின் மேல் ரேக்கில் பூட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

6. சைக்கிளும் உதிரிகளும் (இரண்டு வாரம் முன்)

பராமரிப்பைப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். பிரேக் பேட் மாற்றினால் அதைப் பழக்க வேண்டும்: மிதமான வேகத்திலிருந்து கிட்டத்தட்ட நிற்கும் வரை பிடித்து விடுவது, ஒரு 20 தடவை. பழக்காத பேடுடன் செங்குத்தான இறக்கத்துக்குப் போனால் பிரேக் சத்தம் போடும், பிடிக்காது.

டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். உள்ளே குலுக்கிப் பாருங்கள், சலசலக்கவில்லையென்றால் ஊற்றுங்கள். காற்றழுத்தம் உங்கள் எடை, டயர் அகலம், பாதை மூன்றையும் பொறுத்தது. பெரும்பாலோர் 20 முதல் 30 பி.எஸ்.ஐ.க்குள் வந்து நிற்பார்கள். பயிற்சி ஓட்டத்தில் எது சரியாக இருந்தது என்று எழுதி வையுங்கள். "நேற்று எவ்வளவு வைத்தோம்?" என்று பந்தயக் காலையில் கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது அந்த அலுமினியத் துண்டு. டெரெய்லர் ஹேங்கர் என்பார்கள். பின்பக்கத்தில் செயினை நகர்த்தி கியர் மாற்றும் டெரெய்லரை சட்டகத்தோடு இணைக்கும் சின்ன உதிரி. அடிபட்டால் சட்டகம் உடையாமல் தான் வளைவதற்காகவே செய்தது. சிக்கல் என்னவென்றால் பழைய சட்டகங்களில் மாடலுக்கு ஒரு வடிவம். ஒன்றுக்கு உள்ளது மற்றொன்றில் பொருந்தாது. எங்கள் ஆளுடையது வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஒரு கல்லில் மோதி முறிந்தது. திடலில் இருந்த எல்லாக் கடைகளிலும் கேட்டோம். அவருடைய வடிவம் இல்லை. 2019இல் வந்த பொது வடிவ ஹேங்கரை இப்போது பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன, அது எளிதாகக் கிடைக்கும். உங்கள் சைக்கிளில் எது இருக்கிறது என்று இன்றே பாருங்கள். எதுவாக இருந்தாலும் ஆளுக்கு ஒன்று கையில் இருக்கட்டும்.

அணிப் பெட்டியில் நாங்கள் இப்போது வைத்திருப்பவை: ஆளுக்கொரு ஹேங்கர், ஆளுக்கொரு ஜோடி பிரேக் பேட், 11, 12 கியர் செயின்களுக்குத் தனித்தனி இணைப்புக் கண்ணி, வால்வு, டயர் ஓட்டை அடைக்கும் பட்டைகள், இரண்டு டியூப், ஒரு முழு டயர், சஸ்பென்ஷன் பம்பு, நிற்கவைத்து அடிக்கும் பம்பு, டார்க் ரெஞ்ச், கேபிள் டை ஒரு கட்டு, ஒட்டும் டேப், துணி. பிரேக் எண்ணெய் கொண்டுபோனால் இரண்டு வகையையும் குழப்பாதீர்கள். டாட் திரவம் ஊற்ற வேண்டியதில் மினரல் எண்ணெய் போனாலோ அது மாறினாலோ உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும்.

விமானத்தில் போவதானால் பிரேக் தட்டுகளான ரோட்டர்களைக் கழற்றித் தனியாக வையுங்கள், பேடுகளுக்கு நடுவில் அட்டைத் துண்டைச் செருகுங்கள். மின் கியரின் உபரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக்கூடாது. கார்பன் டை ஆக்சைடு குப்பிகளைக் கொண்டுபோக விமான நிறுவனத்தின் சம்மதம் தேவைப்படும். போன இடத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது.

7. முதல் நாள்: மேசை, எண், பாதை

மேசை திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே ஓட்டாத ஆள் வரிசையில் நிற்கட்டும். அணித் தலைவர் எல்லோருக்குமாக எண் அட்டை வாங்கலாமா, ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டுமா என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் அட்டையை ஹேண்டில்பாருக்கு முன்னால் கேபிள் டையால் கட்டுங்கள். அழகுக்காக ஓரத்தை வெட்டாதீர்கள், மடக்காதீர்கள். அதற்கு அபராதம் உண்டு. சிப் அட்டையின் பின்புறம் ஒட்டியிருந்தால் வெட்டும்போது அதுவும் போய்விடும். கேபிள்கள் அட்டையில் உரசி ஹேண்டில் திரும்பாமல் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

பரிசோதனையில் பலரை நிறுத்துவது பெரிய கோளாறு இல்லை. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். ஒயின் பாட்டில் தக்கையை வெட்டிச் செருகித் தப்பித்த ஒருவரைப் பார்த்தேன். ஹெல்மெட்டில் வெடிப்பு இருக்கக்கூடாது, உள்ளே தர முத்திரை இருக்க வேண்டும். டவுன்ஹில்லுக்கு முழு முகம் மூடும் ஹெல்மெட் கட்டாயம். பல எண்டியூரோ பந்தயங்களில் சட்டகம், சஸ்பென்ஷன், சக்கரத்தில் குறி வைப்பார்கள். அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

பயிற்சி ஓட்டத்தில் முதல் சுற்றை மெதுவாகப் போங்கள். பயமுறுத்தும் இடம் வந்தால் இறங்கி நடந்து பாருங்கள். கீழ்நோக்கிய அம்புக்குறி ஆபத்தைக் காட்டுவது. ஒன்றைவிட இரண்டு மோசம், மூன்று என்றால் மிகுந்த கவனம். குறுக்குக் கோடு போட்ட பலகை தப்பான வழி. கடினமான கல் இறக்கங்களுக்குப் பக்கத்தில் நீளமான மாற்றுவழி இருக்கும். அது எத்தனை நொடி அதிகம் என்று பயிற்சியிலேயே பார்த்து வையுங்கள். எங்களில் ஒருவர் ஐந்து நொடியை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நிமிடம் புதரில் கிடந்தார். மழை வந்தால் அந்தக் கணக்கு மொத்தமும் மாறும். பந்தயக் காலையில் மறுபடி ஒரு நடை நடந்து பாருங்கள்.

8. பந்தய நாள்

ஓட்டாத ஆள் நிற்க வேண்டிய இடம் ஃபீட் ஜோன். கிராஸ் கன்ட்ரியில் தண்ணீர், உணவு, சக்கரம் எதைக் கொடுப்பதானாலும் குறித்த அந்த இடத்தில்தான். வேறெங்காவது பாசத்தில் ஒரு பாட்டிலை நீட்டினால் உங்கள் ஆளுக்குத்தான் தண்டனை. ஓட்டுபவர் தன்னிடம் உள்ள கருவியால் தானே எங்கே வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். ஆனால் சைக்கிளையே மாற்றக்கூடாது. புறப்பட்டபோது இருந்த அதே ஹேண்டில்பார் எண்ணோடு முடிக்க வேண்டும். தவறிப் பாதையை விட்டு வெளியே போனால், போன இடத்திலேயே திரும்ப நுழைய வேண்டும்.

பாட்டில் கொடுப்பதை முந்தின நாளே பழகிப் பாருங்கள். கொடுப்பவர் கையை நீட்டி, பாட்டிலை மேலிருந்து இரு விரலால் தொங்கவிட்டபடி, ஓட்டுபவர் போகும் திசையிலேயே இரண்டு அடி நகர வேண்டும். பிடித்ததும் விட்டுவிட வேண்டும். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பரைச் சைக்கிளோடு சாய்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. நீண்ட மாரத்தானில் பழகியவர்கள் 90 வரை போவார்கள். வீட்டில் சாப்பிட்டுப் பழகாத ஜெல்லைப் பந்தயத்தில் தொடாதீர்கள், வயிறு பழிவாங்கும்.

80 சதவீத விதியைப் பற்றி முன்பே ஓட்டுபவரிடம் சொல்லி வையுங்கள். சர்வதேசப் பிரிவுகளில், முதல் ஆள் முதல் சுற்றுக்கு எடுத்த நேரத்தில் 80 சதவீதம் பின்தங்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள். அவர் 12 நிமிடத்தில் சுற்றினால், 9 நிமிடம் 36 நொடி பின்தங்கிய இடத்தில் உங்கள் ஓட்டம் முடிந்தது. இதில் அவமானம் ஒன்றும் இல்லை, முடித்த சுற்றுகளோடு பட்டியலில் பெயர் வரும். தெரியாமல் போய் நடுவரோடு சண்டை போடுவதுதான் அவமானம். நான் போட்டேன்.

9. அணி ரிலே

இதில் விதிப்புத்தகத்தில் தேட வேண்டியது ஒரே வரி: நேரம் முடியும்போது பாதையில் இருக்கும் சுற்று கணக்கில் சேருமா? சில இடங்களில் மணி அடிப்பதற்கு முன் தொடங்கிய சுற்று சேரும், சில இடங்களில் அதற்குள் முடித்தது மட்டும்தான். கடைசி ஒரு மணி நேரத் திட்டமே இதைப் பொறுத்தது.

மாறும் இடத்துக்கு அடுத்த ஆள் பத்து நிமிடம் முன்பே வந்து நிற்கட்டும். சிப்பைக் கைமாற்ற வேண்டிய பந்தயமானால் எங்கே மாட்டுவது என்று எல்லோரும் ஒரே மாதிரி வையுங்கள். இரவுச் சுற்று இருந்தால் தலையில் ஒரு விளக்கு, ஹேண்டில்பாரில் ஒன்று. முழு வெளிச்சத்தில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று வீட்டிலேயே எரியவிட்டுப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் மங்கலான வெளிச்சத்துக்கானது.

10. யாராவது விழுந்தால்

தலையில் அடி என்றால், ஆள் எழுந்து சிரித்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. தலைவலி, குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது எல்லாம் மணிக்கணக்கில் தாமதமாகவும் வரும். இந்த முடிவை விழுந்தவரிடம் விடாதீர்கள், அணியில் மற்றவர்களிடமும் விடாதீர்கள். ஓட்டாத ஆள் சொல்வதே முடிவு என்று முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். ஹெல்மெட் ஒரு பலமான அடி வாங்கினால் மாற்ற வேண்டியதுதான். முதலுதவிக் கூடாரத்தில் தரும் சீட்டை வாங்கி வையுங்கள். காப்பீட்டுக்கு முதல் காகிதம் அதுதான்.

11. கடைசிச் சாயங்காலம்

எல்லோரும் சோர்ந்து போயிருப்பார்கள், இந்த நேரத்தில்தான் பணம் தொலையும். முடிவுப் பட்டியல் ஒட்டியதும் ஓட்டாத ஆள் போய்ப் பெயர், எண், சுற்றுக் கணக்கு பார்க்க வேண்டும். சிப் பிடிக்காமல் ஒரு சுற்று குறைந்திருக்கலாம். முறையீட்டுக்கு நேரம் குறைவு, நிமிடக் கணக்குதான். எழுத்தில் கொடுக்க வேண்டும், சில இடங்களில் முன்பணமும் கேட்பார்கள். எங்கள் ரிலேயில் ஒரு சுற்று விட்டுப்போயிருந்தது. இரண்டாம் வருடம் கூட வந்தவர், ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைக் காட்டியதும் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம் சிப்புகளைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்குங்கள். சைக்கிள்களைக் கழுவும்போது நீரைப் பீய்ச்சி பேரிங்குகளில் அடிக்காதீர்கள். கழுவியதும் செயினுக்கு எண்ணெய், உடனே. சேறோடு பெட்டியில் கட்டினால் விமான நிலையச் சோதனையில் பிரிக்கச் சொல்ல வாய்ப்பு உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன் ஆக்சில், பெடல், ரோட்டர் போல்ட் மூன்றும் உள்ளே இருக்கிறதா என்று எண்ணுங்கள். ரோட்டர் போல்ட் ஆறு, சக்கரத்துக்கு. ஒரு சைக்கிளுக்கு நாங்கள் பதினொன்றோடு வீடு வந்தோம்.